வெரசா எந்திரி

எங்கள் மலைத் தோட்டத்தில் பூண்டு மூட்டையை மேல்வரப்பில் நிறுத்தி, கீழே நின்று முதுகில் சாய்த்துக்கொள்வோம். வயது எழுபதை நெருங்கியும் என் கணவர் அப்படித்தான் சுமந்து ரோட்டுக்கு ஏறினார். போன மழையில் வெறுங்கையோடு இறங்கும்போது கால் வழுக்கியது. ஊன்ற வேண்டிய மறுகால் சட்டென்று முன்னால் வரவில்லை. விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்தது.

“வயசானா பலத்துக்கு முன்னாடி வேகம் போயிரும்மா. நீங்களாவது நாற்காலியில இருந்து வேகமா எந்திரிச்சுப் பழகுங்க” என்று அவருக்குப் பயிற்சி கொடுக்க வந்த பிசியோதெரபி பெண் என்னிடம் சொன்னாள்.

மலையேறிய காலுக்கு நாற்காலிப் பயிற்சியா என்று எரிச்சலாகத்தான் இருக்கிறது. ஆனாலும் தினமும் காலையில் அவர் கட்டிலருகே உட்கார்ந்து எழுகிறேன். மெதுவாக எழுந்தால் அவர் விடுவதில்லை.

“வெரசா எந்திரி. நீயும் விழுந்துட்டா என்னைய யாரு தூக்குவா?”