சித்திக்காவின் இறால் வாடா

வாடா என்றதும் யாரையோ அதட்டிக் கூப்பிடுவதாக நினைத்துவிட வேண்டாம். அரிசி மாவைத் தட்டி, மேலே மசாலா புரட்டிய இறாலை வைத்து அழுத்தி, எண்ணெயில் பொரித்தெடுக்கும் பலகாரம் அது. பொரிக்காத வாடாவை உறையவைத்துச் சென்னைக் கடைக்கு அனுப்பும் சின்னக் கம்பெனி ஒன்றைத் திருமலைராயன்பட்டினத்தில் நடத்துகிறார் சித்திக்கா. வேலைக்கு ஆறு பெண்கள்.

ஆள் தங்கமானவர்தான். ஆனால் பக்குவம் என்று வந்துவிட்டால், அப்பப்பா, என்ன கெடுபிடி! மாவுக் கணக்கு வெளியே தெரியக் கூடாதென்று பச்சரிசியை ஒரு கடையிலும் புழுங்கலரிசியை இன்னொரு கடையிலும் வாங்குவார். காரைக்கால் குளிர்பதனக் கிடங்கில் ஊர்ச் சிறு கம்பெனிகள் எல்லாம் சரக்கு வைக்கின்றன; இவர் பெட்டிகளுக்கு மட்டும் கறுப்புத் தாள் சுற்றியிருக்கும்.

அந்த வாடாதான் அவர் காலை வாரியது. எண்ணெயில் விழுந்ததும் இரண்டாகப் பிளந்து இறால் தனியே மிதந்தது. "அடுத்த சரக்கும் இப்படி வந்தா வேற ஆளப் பாத்துக்கறோம்" என்று சென்னைக்காரர் சொல்லிவிட்டார். அந்தக் கடை போனால் கம்பெனியே போச்சு. மைதா சேர்த்துப் பார்த்தார், ம்ஹூம்.

"யாரையாவது கேளேன்" என்றார் துபாயிலிருந்து கணவர் ரஃபீக்.

"கேட்டா பக்குவத்தச் சொல்லணுமே!"

மறுநாள் கிடங்கில் சரக்கெடுக்க வந்த சௌந்தரவல்லி இவரைப் பார்த்துவிட்டார். பக்கத்து ஊரான போலகத்தில் கொழுக்கட்டை செய்து உறையவைத்து விற்பவர்.

"என்னங்கக்கா, மொகம் வாடிக் கெடக்கு?"

சித்திக்காவுக்கு அழுகை முட்டியது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று துணிந்து, அரிசி, தண்ணீர், அளவு என்று மாவுக் கணக்கு அத்தனையையும் கொட்டிவிட்டார்.

"பச்ச மாவையா ஐஸ்ல வைக்கறீங்க? எனக்கும் வெடிச்சுதுக்கா. மெஷின் விக்க வந்த கோயமுத்தூர்க்காரர்தான் சொன்னாரு. ஆவில அர வேக்காடு வேகவச்சு, நல்லா ஆறினப்பறம் வைங்க."

அப்படியே செய்தார். உறைந்த வாடாவைச் சட்டியில் போட்டபோது ஆறு பெண்களும் சுற்றி நின்றார்கள். பொன்னிறமாக முழுசாக மேலே வந்தது. "அல்ஹம்துலில்லாஹ்!" என்று சித்திக்கா போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது. சென்னைக் கடையும் நிலைத்தது.

அடுத்த வாரம் சௌந்தரவல்லி கம்பெனி வாசலில் தயங்கி நின்றார்.

"அக்கா, காரக் கொழுக்கட்டைக்குள்ள மசாலா தண்ணி விட்டுப்போவுது. உங்க இறால் மசாலா மட்டும் எப்படி ஒட்டிக்கிட்டு நிக்குது? சொல்லலாம்னா சொல்லுங்க."

வேலை செய்த கைகள் எல்லாம் நின்றுவிட்டன. அது மாமியார் வழி வந்த பக்குவம். கூடப் பிறந்த தங்கைக்குக்கூடச் சித்திக்கா சொன்னதில்லை.

"வாயால சொன்னா புரியாது, உள்ள வாங்க" என்று அடுப்படிக் கதவைத் திறந்தார் சித்திக்கா.