தனக்குத் தானே வைத்துக்கொண்ட முத்திரை

சாவியை வைத்திருப்பவரே கையிருப்பைச் சரிபார்த்துச் சான்றளிக்கக் கூடாது. தணிக்கைத் துறையில் சேர்ந்தபோது நான் முதலில் படித்த விதி இது. ஓய்வுபெற்று ஜவ்வாது மலைக்கு வந்த பிறகும் அதை விடாமல், யார் சோதித்தார்கள் என்று எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். யாருக்கும் பிடிப்பதில்லை.

ஆவணியில் எங்கள் ஊர்ப் பள்ளியில் மருத்துவ முகாம் நடந்தது. விவரம் சேகரிக்கும் வேலையைச் சுகாதார அலுவலகம் ஒரு தனியார் நிறுவனத்திடம் கொடுத்திருந்தது. நோய், மாத்திரை, கைரேகை, போன் நம்பர் எல்லாம் டேப்லெட்டில் ஏறின. இவற்றின் பாதுகாப்புக்கு என்ன சான்று என்று மேற்பார்வையாளரிடம் கேட்டேன். பொன்னிற முத்திரை பதித்த ஒரு தாளைக் காட்டினார். மேலே அவர்கள் நிறுவனத்தின் பெயர். கீழே அவர்கள் மேலாளரின் கையெழுத்து.

“வெளியாள் யாராவது சோதித்தார்களா?”

“வெளியாள உள்ள வுட்டா அப்புறம் இன்னா சார் பாதுகாப்பு?” என்றார். கேலிக்குச் சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னார்.

பக்கத்து வீட்டு அம்மாள் தன் மகளுக்கு வலிப்பு இருப்பதைச் சொல்லிவிட்டு, மளிகைக் கடைக்காரரின் எண்ணைக் கொடுத்தார். ஊரில் எல்லோரும் அந்த எண்ணைத்தான் கொடுப்பார்கள். டவர் கிடைப்பது அந்தக் கடை வாசலில் மட்டும். யாருக்குச் செய்தி வந்தாலும் கடைக்காரர் கூப்பிட்டுச் சொல்வார். வரிசையாக ஒரே எண் விழுந்தும் டேப்லெட் ஆட்சேபிக்கவில்லை.

அடுத்த வாரம் அந்த நிறுவனத்திடமிருந்து வந்த செய்தியைக் கடைக்காரர் வழக்கம்போல் உரக்க வாசித்தார்: “யக்கா, உன் பொண்ணு வலிப்பு மாத்திரைய வுடாம சாப்புடணுமாம்!”

கடையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள்.

அன்று மாலை அந்த அம்மாள் என்னிடம் வந்தார். ஆலங்காயத்திலிருந்து மகளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது.

“மறைக்கணும்னு இல்ல சார். மாப்ள வூட்டாண்ட நானே ஒக்காந்து பக்குவமா சொல்லலாம்னு இருந்தேன். வாராவாரம் இப்பிடி வருமாம். அவங்க காதுக்குப் போறதுக்குள்ள நிறுத்துங்க சார்.”

நிறுவனத்துக்கு எழுதினேன். நகலைச் சுகாதார அலுவலகத்துக்கு அனுப்பினேன். அந்த எண்ணை நீக்குங்கள், உங்களோடு சம்பந்தமில்லாத ஒருவர் உங்கள் முறையைச் சோதித்த சான்றைக் காட்டுங்கள் என்று கேட்டேன். வெளியிலிருந்து வருபவர் முதல் நாளே ‘ஊர் முழுக்க எப்படி ஒரே எண்?’ என்று கேட்டிருப்பார். உள்ளே இருப்பவருக்கு அது நிரம்பிய கட்டம், அவ்வளவுதான்.

பதில் வரவில்லை. நினைவூட்டல் அனுப்பினேன். கடைக்காரரிடமும் சொல்லி வைத்தேன். அவர் அடுத்த செய்திகளைக் குரல் தாழ்த்தி வாசித்தார். அதனால் எல்லோரும் கிட்டே வந்து கேட்டார்கள்.

ஆலங்காயத்துக்காரர்கள் வரவில்லை. நாள் சரியில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். நாள் எதனால் சரியில்லாமல் போனது என்று எனக்குத் தெரியும். அன்று கடையில் நின்றவர்களில் சொன்னது யார் என்று இன்றும் ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறேன். அந்த அம்மாள் பார்ப்பதில்லை.

“யாரு சொன்னா இன்னா சார்? நான் சொல்லலியே” என்றார்.

எண் நீக்கப்பட்டது, வெளியார் தணிக்கைக்கு ஏற்பாடு நடக்கிறது என்ற பதில் கார்த்திகை தீபத்தன்று காலை வந்தது.