எல்லாம் விற்றுப்போன நாட்கள்

ஏழாம் வகுப்பில் என் கழுத்தைச் சுற்றி ஒரு கறுப்புப் பட்டை படிந்திருந்தது. அம்மா அதை அழுக்கென்றே நம்பினாள். ஞாயிறுதோறும் கடலை மாவும் பீர்க்கங்காய் நாருமாக உட்கார்ந்து, என் கூச்சல் மட்டாஞ்சேரி முழுக்கக் கேட்கும்படி தேய்ப்பாள்.

பள்ளிக்கு உடல் பரிசோதனைக்காக வந்த நர்ஸ் என் எடையையும் இடுப்புச் சுற்றளவையும் குறித்துக்கொண்டு, கழுத்தை வெகுநேரம் பார்த்தார். மறுநாள் அம்மாவைக் கூட்டிவரச் சொன்னார். நாற்காலியில் உட்காரும் முன்பே அம்மா, “நல்லா தேய்ச்சுத்தான் குளிப்பாட்டுறேன் சிஸ்டர்” என்றாள்.

“இது அழுக்கல்ல சேச்சி. எத்தற தேய்ச்சாலும் போகாது. பின்னாடி சுகர் வரலாம்னு உடம்பு காட்டுற அடையாளமா இருக்கும். ரத்தம் நோக்கணும்.”

எனக்கு அது விடுதலைச் செய்தி. நான் அப்போதே சொன்னேனே என்று வழிநெடுக அம்மாவை வறுத்தெடுத்தேன். வீட்டுக்கு வந்ததும் என் கழுத்தில் விரல் நுனியால் தேங்காயெண்ணெய் தடவிவிட்டாள்.

ரத்தத்தில் சர்க்கரை வரம்பை ஒட்டி நின்றது. நோய் இல்லை, ஆனால் பேக்கரிப் பண்டங்களை நிறுத்த வேண்டும், தினமும் நடக்க வேண்டும் என்றார் டாக்டர். அப்பாவுக்கோ கொச்சங்காடியில் பேக்கரி வேலை. பேச்சு அதிகம் வராத மனிதர். மிஞ்சிய பஃப்ஸை எண்ணெய் ஊறிய பொட்டலமாக நீட்டியபடிதான் வீட்டுக்குள் நுழைவார். அன்று வெறுங்கையோடு வந்தார்.

“இன்னிக்கு எல்லாம் வித்துப்போச்சு மோளே.”

மறுநாளும் விற்றுப்போனது. ஒரு மாதம் முழுக்க விற்றுப்போனது. அப்பா கடையில் வியாபாரம் பிய்த்துக்கொண்டு போகிறது என்று வகுப்பில் பெருமையடித்தேன்.

சாயங்காலம் என்னைப் படகுத்துறைவரை நடக்கக் கூட்டிப்போவார். ஒருநாள் வழக்கமான தெருவில் பள்ளம் தோண்டியிருந்ததால் கடை வழியாகப் போக நேர்ந்தது. கண்ணாடிப் பெட்டி நிறைய பஃப்ஸ். முதலாளி உள்ளிருந்து கூப்பிட்டார்.

“எடோ, இப்ப எந்தா ஒண்ணும் கொண்டுபோறதில்ல? மோளுக்கு ரெண்டு எடுத்துக்கோ.”

“அவளுக்கு இப்ப அது இஷ்டமில்ல முதலாளி.”

“இஷ்டம்தான்!” என்று கத்தினேன்.

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்தார்.

அடுத்த வருடப் பரிசோதனையில் எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் கடை வழியாகப் போன அன்று படகுத்துறை வரும்வரை நான் அவரோடு பேசவில்லை. அங்கே பெஞ்சில் உட்கார்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நடந்த களைப்பு என்றுதான் நினைத்தேன். என்னை ஏமாற்றியதற்குத் தண்டனையாக, இன்னொரு சுற்று நடக்கலாம் என்றேன்.

அவர் உடனே எழுந்துவிட்டார்.