சீனி வாங்காத வீடு

அரிசி ஆலையிலிருந்து நீடாமங்கலம் நோக்கி நடந்துகொண்டிருந்தேன். "இந்த உடம்பை வச்சுக்கிட்டு மூட்டை தூக்க வந்தியா?" என்று அனுப்பிவிட்டார்கள். வழியில் ஒரு கடை வாசலில், தண்ணீர்ப் பானைக்கு அடியிலிருந்து ஈர மணல் வாசனை வந்தது.

எட்டு வயதிலிருந்து எனக்குச் சர்க்கரை வியாதி. வீட்டில் ஃப்ரிட்ஜ் கிடையாது. ஊசி மருந்தை அம்மா ஈர மணல் நிரப்பிய பானைக்குள் வைத்திருப்பாள். அடுப்படியே ஆற்றங்கரை மாதிரி மணக்கும்.

"என்ன மெர்சி, புள்ளைக்குச் சோறே போடுறதில்லையா?" என்று ஒருநாள் எதிர்வீட்டுக்காரி அம்மாவிடம் கேட்டாள்.

"அவனுக்குச் சர்க்கரை, அக்கா."

"சீனியே வாங்காத வீட்டுல சர்க்கரையா!"

தெருவே சிரித்தது. அம்மாவும் சிரித்தாள்.

அதற்கப்புறம் தினமும் என்னை வாசற்படியில் உட்கார வைத்துத்தான் சோறு போட்டாள். தட்டில் மலையாகக் குவிப்பாள். நாலு பேர் பார்த்ததும், "உள்ள வாடா" என்று கூப்பிட்டு, அளவுக்கு மேல் இருந்ததைச் சோற்றுப் பானையில் திருப்பிப் போட்டுவிடுவாள். மிச்சத்தை அவள் பக்கத்தில் உட்கார்ந்து தின்பேன். அந்த ருசி பிறகு எந்த ஊரிலும் கிடைக்கவில்லை.

ஆலையிலிருந்து அனுப்பிவிட்டதற்கு அடுத்த நாள் காலை, நீடாமங்கலத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை கேட்டேன். முதலாளி ஏற இறங்கப் பார்த்தார்.

"வேலை இருக்கு. ஆனா முன்னால வந்து நிக்காதப்பா. உன்னைப் பார்த்தா நம்ம கடைச் சோத்தைத் தப்பா நினைப்பாங்க."

"சரிங்க" என்று பின்கட்டில் பாத்திரம் தேய்க்க உட்கார்ந்தேன்.