வண்டியை நிறுத்தக் கூடாத சாலை

ஊட்டியும் மைசூரும் எத்தனையோ முறை போய்வந்தவள் ரஞ்சிதம். அங்கே என்ன பார்த்தாய் என்று யாராவது கேட்டால், "அடுப்ப பாத்தேன்" என்பாள். அது பொய்யில்லை. அவள் கணவன் குமரவேல் திருத்தணியில் சொந்தமாக டூரிஸ்ட் வேன் வைத்து ஓட்டுகிறவன். கூட்டமாக ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும் பயணங்களில் சமையலுக்கு அவளையும் அழைத்துப் போவான். எல்லோரும் ஏரியில் படகு விடப் போயிருக்கும் நேரத்தில் இவள் பார்க்கிங்கில் உட்கார்ந்து சாம்பாருக்குக் காய் நறுக்கிக்கொண்டிருப்பாள். ஆர்.கே.பேட்டையில் தறி வீட்டில் பிறந்தவள். குமரவேல் அவளுக்கு அத்தை மகன். சின்ன வயதில் கூப்பிட்ட "பாவா"தான் கல்யாணமான பிறகும்.

குடலில் கட்டி என்று தெரிந்து சென்னையில் ஆபரேஷன் செய்தார்கள். உயிர் பிழைத்தாள். ஆனால் மலம் போகும் வழியை வயிற்றின் இடது பக்கம் திருப்பி, அங்கே ஒரு பையை ஒட்டிவிட்டார்கள். ஆயுசுக்கும் அது இருக்கும் என்று டாக்டர் சொன்னபோது ரஞ்சிதம் தலையை மட்டும் ஆட்டினாள்.

அதற்குப் பிறகு அவள் ஒரு ராத்திரிகூட வெளியூரில் தங்கவில்லை. அண்ணன் மகள் கல்யாணத்தில் தாலி கட்டியதும் சாப்பிடாமல் கிளம்பி வந்துவிட்டாள். ஒருமுறை மறுபரிசோதனைக்கு ரயிலில் சென்னை போகும்போது, எதிரே இருந்த பெண் முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். வெளியே சாக்கடை நாறியதோ, கூடையில் மீன் இருந்ததோ, யாருக்குத் தெரியும்? ரஞ்சிதத்துக்குத் தன் வயிற்றைத் தவிர வேறு எதுவும் தோன்றவில்லை. திருவாலங்காட்டில் இறங்கி அடுத்த வண்டியில் வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். அன்றிலிருந்து ஆஸ்பத்திரிக்கும் குமரவேலின் வேன்தான்.

யாரோ ஒரு ஜோடி வேனிலேயே படுக்கை, சமையல், குளியல் எல்லாம் வைத்துக்கொண்டு ஊர் சுற்றுவதைக் குமரவேல் போனில் பார்த்தான். சாப்பிட்டுக்கொண்டிருந்தவளிடம் கொண்டுவந்து காட்டினான்.

"நம்ம வண்டியிலயே ஒரு கக்கூஸ் இருந்தா நீ வருவியா?"

"எங்க?"

"எங்கயோ. பந்திப்பூரு, முதுமல. ரெண்டும் ஒட்டினாப்ல இருக்கிற காடு. ஒண்ணுல பூந்தா இன்னொண்ணுல வெளிய வரலாம். ஆடிக் கிருத்திகை முடிஞ்சா புரட்டாசி வரைக்கும் வண்டி சும்மாதான் நிக்கும். மலையில அப்ப சீசன் கெடயாது. கூட்டமே இருக்காது."

கூட்டமே இருக்காது என்ற அந்த ஒரு சொல்லுக்காகத்தான் ரஞ்சிதம் சரி என்றாள். சொன்ன மறுநிமிஷமே ஏன் சொன்னோம் என்றிருந்தது.

வேனின் உள்ளே மாற்றம் செய்ய ஆர்.டி.ஓ. ஆபீசில் அனுமதி கிடைப்பதற்கே ஆனி மாதம் முழுக்கப் போயிற்று. பிறகு பாடி கட்டும் கோதண்டத்தின் பட்டறையில் சீட்டுகளைக் கழற்றினார்கள். ஒரு கட்டில், ஒற்றை அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, பின்பக்க மூலையில் கதவு வைத்த சின்ன கழிவறை. குமரவேல் சாயங்காலமானால் பட்டறைக்குப் போய் நின்றுகொண்டு, கதவுத் தாழ்ப்பாள் இன்னும் கொஞ்சம் கீழே இருக்கட்டும், உட்கார்ந்தபடியே எட்டவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருப்பான். யாருக்கு, எதற்கு என்று கோதண்டம் கேட்கவில்லை.

வீட்டில் ரஞ்சிதத்துக்கு ஒவ்வொரு நாளும் புதுசாக ஒரு பயம் முளைத்தது. மழையில் ஈரம் ஏறினால் பை ஒட்டுமா? தண்ணீர் தீர்ந்துவிட்டால்? காட்டில் சமையல் வாசனைக்கு யானை வரும் என்கிறார்களே, இந்த வாசனைக்கு வராதா? இதை யாரிடம் கேட்பது?

ஒருநாள் குமரவேல் பேச்சுவாக்கில், "மல ஏற ஏற சிப்ஸ் பாக்கெட்டெல்லாம் உப்பிக்கும், பாத்திருக்கியா? காத்து உள்ள விரியுது" என்றான். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். ரஞ்சிதம் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அப்போ என் பையும் உப்புமா?"

"அது வேற, இது வேற."

"இன்னா வேற? ரெண்டும் பிளாஸ்டிக்கு பைதான்."

சென்னையில் வேலை பார்க்கும் மகள் அபிக்குப் போன் போட்டாள். அபி ஆஸ்பத்திரி நர்ஸிடம் கேட்டுச் சொன்னாள். உப்பத்தான் செய்யும், அப்பப்போ கழிவறைக்குப் போய் காற்றை வெளியே விட்டால் போதும், பயப்பட ஒன்றுமில்லையாம். சொல்லி முடித்த அதே மூச்சில் திட்டவும் ஆரம்பித்தாள்.

"உனக்கு இதெல்லாம் தேவையாம்மா? சிக்னலே கெடைக்காத எடம். ராத்திரியில காட்டு கேட்ட மூடிடுவாங்க. ஏதாவது ஆச்சின்னா ஆஸ்பத்திரிக்கு எவ்ளோ தூரம்னு நைனாவுக்குத் தெரியுமா? கேட்டியா?"

கேட்கவில்லை. கேட்டால் அவனுக்குத் தெரியாமல் இருக்குமோ என்ற பயத்தில்தான் கேட்கவில்லை.

அடுத்தது செக்போஸ்ட். நீலகிரிக்குள் பிளாஸ்டிக் கொண்டுபோகக் கூடாது, வண்டியை நிறுத்திச் சோதனை போடுவார்கள் என்பது அவளுக்கே தெரியும். கேரி பேக், தண்ணீர் பாட்டிலெல்லாம் பிடுங்கிக்கொண்டதைக் கண்ணால் பார்த்திருக்கிறாள். இவள் எடுத்துப் போகவேண்டியது ஒரு டப்பா நிறைய பிளாஸ்டிக் பை. டப்பாவைத் திறந்து, ஒவ்வொன்றாக எடுத்துத் தூக்கிப் பிடித்து, இது என்ன என்று நாலு பேர் எதிரில் கேட்பார்களே? அந்தக் காட்சியை மனசுக்குள் ஓட்டி ஓட்டிப் பார்த்து, குளிக்கும்போதும் பதில் தேடிக்கொண்டிருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சோதனை ஓட்டமாக நகரிப் பக்கம் ஒரு மாந்தோப்புக்குப் போனார்கள். கோதண்டத்துக்குத் தெரிந்தவர் தோப்பு. மரத்தடியில் நிறுத்தி, டீ போட்டுக் குடித்து, மத்தியானம்வரை இருந்து பார்ப்பதாகத் திட்டம். தொட்டிக் குழாய் ஒழுகி கட்டிலுக்கடியில் வெள்ளம். கழிவறையின் மரக்கதவு அந்த ஈரத்தில் ஊறிப்போய்ச் சாத்த வரவில்லை. ரஞ்சிதம் உள்ளே கதவை ஒரு கையால் இழுத்துப் பிடித்தபடி பையை மாற்ற முயன்றாள். ஒற்றைக் கையால் முடியவில்லை. தோப்புக்காரர் இளநீரோடு வேன் பக்கம் வருகிற சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது அவள் முகமெல்லாம் வேர்த்திருந்தது. இளநீரைத் தொடவில்லை.

திரும்பும் வழியில், "வேணாம் பாவா. விட்டுடலாம்" என்றாள்.

குமரவேல் மறுபேச்சே பேசவில்லை. "சரிம்மா" என்றான். மறுநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டே பழைய சினிமாப் பாட்டு ஒன்றை முனகிக்கொண்டிருந்தான். வேனைக் கோதண்டத்திடம் விட்டு சீட்டுகளைத் திரும்ப மாட்டச் சொல்லப் போவதாகச் சொன்னான். தோசையும் கூட ரெண்டு கேட்டான்.

ரஞ்சிதம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு இன்னா இவ்ளோ சந்தோஷம்?"

"சந்தோஷமா? அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"பாட்டு வருது. தோசை எறங்குது. நான் வரலன்னு சொன்னது உனக்கு நிம்மதியா கீது, இல்ல?"

குமரவேல் தட்டைத் தள்ளி வைத்தான். பிறகு சொன்னான்: "நெசமா சொல்லட்டா? எனக்கு ஒரு மாசமா தூக்கமில்ல. அந்த மலையில எத்தினியோ வாட்டி வண்டி ஓட்டிகினு போயிருக்கேன். ஒருநாளும் பயந்ததில்ல. இப்ப நீ பின்னாடி இருப்பேன்னு நெனச்சா கை நடுங்குது. காட்டு நடுவுல உனக்கு எதுனா ஆச்சின்னா நான் இன்னா பண்ணுவேன்? நாந்தான ஆரம்பிச்சேன், அதான் வேணாம்னும் சொல்ல முடியல."

அவளுக்கு அழுகை வரவேண்டிய இடம். கோபம்தான் வந்தது. பயப்படவேண்டியது அவள், வயிறு அவளுடையது. இத்தனை நாள் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தவன் அவளைவிடப் பெரிய பயத்தை ஒளித்து வைத்துக்கொண்டிருந்திருக்கிறான். அவள் வேண்டாம் என்றதும் அவன் பிழைத்துக்கொண்டான்!

"சீட்ட மாட்ட வேணாம். கதவ மட்டும் சீவச் சொல்லு" என்று எழுந்து போனாள்.

அது தைரியம் இல்லை, வீம்புதான் என்று பிற்பாடு அவளே சொல்வாள்.

ஆவணியில் கிளம்பினார்கள். அழுக்கான பைகளைப் போட்டுத் திரும்ப ஊருக்கே கொண்டுவர மூடிபோட்ட ஒரு எவர்சில்வர் வாளி. மலைக்குப் போக இ-பாஸ் போட்டாயிற்று. மசினகுடியில் வண்டி நிறுத்தித் தங்க ஒரு தனியார் இடத்தில் பேசிவைத்திருந்தார்கள். அந்த இடத்துக்காரர் வேடியப்பன் போனில், இருட்டினால் வண்டியைவிட்டு இறங்காதீங்க, வாழைப்பழம் எதுவும் வெளியே வைக்காதீங்க என்று சொன்னார். அதைக் கேட்ட பிறகு குமரவேல் வாங்கிய பழத்தையெல்லாம் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டான்.

முதல்நாள் மைசூரைத் தாண்டி ஒரு பெட்ரோல் பங்கில் கேட்டு, ஓரமாக நிறுத்திப் படுத்தார்கள். மறுநாள் காலை பந்திப்பூர்க் காட்டுக்குள் நுழைந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. சாலையில் ஆள் இல்லை. இரண்டு பக்கமும் நனைந்த மரங்கள். வண்டியை நிறுத்தக் கூடாது, இறங்கக் கூடாது என்று அங்கங்கே பலகை. குமரவேல் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஓட்டினான். ரஞ்சிதம் அவன் பக்கத்து சீட்டில் இருந்தாள்.

ஒரு வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியபோது இடது பக்கம் வெதுவெதுப்பாக ஏதோ பரவியது.

"பாவா."

"இன்னா?"

"கழண்டுகிச்சி."

அவன் கால் தானாக பிரேக்கை மிதித்தது. பின்னால் வந்த லாரி நீளமாக ஹாரன் அடித்தது. முன்னால், பலகை.

"நிறுத்தாத. நீ ஓட்டு" என்றாள் ரஞ்சிதம். வயிற்றைப் புடவையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, கட்டில் கம்பியைப் பற்றிப் பற்றிப் பின்னால் போனாள்.

கோதண்டம் சீவிய கதவு ஒழுங்காகச் சாத்திக்கொண்டது. உள்ளே உட்கார்ந்து பார்த்தாள். பையைத் தோலோடு ஒட்டவைக்கும் தட்டு பாதி பிரிந்திருந்தது. துடைத்து, கழுவி, தோலை ஈரமில்லாமல் காயவைத்து, புதுப்பையை ஒட்டவேண்டும். ஒட்டும் நேரத்தில் குலுங்கினால் எல்லாம் போச்சு. அந்தச் சாலையிலோ வேகத்தடைக்குப் பின் வேகத்தடை. முதல் பை கோணலாக ஒட்டிக்கொண்டு வீணாயிற்று.

"மேடு வருதும்மா!" என்று முன்னாலிருந்து குமரவேல் கத்தினான்.

அவள் கையை எடுத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். வண்டி ஏறி இறங்கியது.

"ஆங், போயிடிச்சி! இப்ப கொஞ்ச தூரத்துக்கு ஒண்ணுமில்ல!"

அவள் அவசரமாகத் துடைத்தாள்.

"மேடு!"

கையை எடுத்தாள். மறுபடியும் துடைத்தாள். இப்படியே காடு முழுக்க அவன் கத்த, அவள் நிறுத்த, அவன் போய்விட்டது என்று சொல்ல, அவள் தொடர. கடைசியில் ஒரு நீண்ட சமதரையில் பையை ஒட்டி, உள்ளங்கைச் சூட்டில் அழுத்திப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். ஒட்டிக்கொண்டது. புடவையை மாற்றினாள். அழுக்கையெல்லாம் வாளியில் போட்டு மூடியை இறுக்கினாள்.

முன்னால் வந்து உட்கார்ந்தபோது குமரவேலின் சட்டை முதுகு நனைந்திருந்தது. அவன் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"சரியாச்சா?"

"ஆங்."

கொஞ்சதூரம் போனபிறகு, "யானைங்க நின்னுகினு இருந்திச்சி. குட்டியோட. ரோட்டு ஓரமா" என்றான்.

"எப்போ?"

"நீ உள்ள இருக்கும்போது."

"கூப்பிடக் கூடாதா?"

"எப்பிடிம்மா கூப்பிடுறது?"

அவளுக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. சிரித்தால் பை கழன்றுவிடுமோ என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். குமரவேல் சிரிக்கவில்லை. அடுத்த மேடு எங்கே என்று சாலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தமிழ்நாட்டு எல்லைச் செக்போஸ்டில் மழைக்கோட்டு போட்ட ஒரு பெண் வண்டிக்குள் ஏறினாள். பிளாஸ்டிக் இருக்கா என்று கேட்டாள். ரஞ்சிதம் இத்தனை நாள் குளிக்கும்போதெல்லாம் தயார் செய்த பதில்களில் ஒன்றும் வாயில் வரவில்லை. டப்பாவைத் தானே திறந்து நீட்டினாள்.

"எனக்கு வயித்துல பை வெச்சிருக்காங்க மேடம். அதுக்கு இது வேணும். அழுக்கானத வாளியில போட்டு ஊருக்கே எடுத்துகினு போறேன். இங்க எங்கயும் போட மாட்டேன்."

ஆஸ்பத்திரிக்கு வெளியே ஒரு அன்னியரிடம் அவள் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அந்தப் பெண் டப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு மூடிக் கொடுத்தாள்.

"இது மருந்து சாமான் அக்கா, இதுக்கு ஒண்ணுமில்ல" என்றாள். டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் குமரவேல் மறந்து வைத்திருந்த தண்ணீர் பாட்டிலைத்தான் எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

மசினகுடியில் மழை நிற்கவேயில்லை. காட்டுக்குள் ஜீப்பில் போவதாக இருந்ததும் ரத்தாயிற்று. அவர்கள் வேன் கதவைப் பாதி திறந்துவைத்து, எதிரே இருந்த மலை மேகத்துக்குள் போவதும் வருவதுமாக இருப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் புள்ளிமான்கள் கூட்டமாக நனைந்துகொண்டு மேய்ந்தன. ரஞ்சிதம் ரவை உப்புமா கிளறினாள். ரெண்டே பேருக்கு. அளவு பிடிபடாமல் நிறைய செய்துவிட்டு, வேடியப்பன் வீட்டுக்குக் கொஞ்சம் கொடுத்தனுப்பினாள்.

மலை ஏறும் சாலையில் மரம் விழுந்துவிட்டதால் ஊட்டிப் பக்கம் போகமுடியவில்லை. பை உப்புமா உப்பாதா என்பது தெரியாமலே போயிற்று. ஒருநாள் கூடுதலாக அங்கேயே தங்கினார்கள். சிக்னல் கிடைத்ததும் அபியின் தவறிய அழைப்புகள் வரிசையாக வந்து விழுந்தன. மகள் அழுதுகொண்டே திட்டினாள். கழன்றதை ரஞ்சிதம் அவளிடம் சொல்லவில்லை. "மழதான் பெய்யுது. நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றாள்.

திரும்பும்போது அதே காட்டு வழியில் அவள் ஒவ்வொரு மேட்டுக்கும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். ஒன்றும் ஆகவில்லை. யானையும் நிற்கவில்லை. வீடு வந்து சேர்ந்து ரெண்டு நாள் படுத்தே கிடந்தாள். இனிமேல் சாமி சத்தியமாகப் போகமாட்டேன் என்றாள்.

புரட்டாசி முழுக்க வேன், மறுபடி சீட்டு மாட்டிக்கொண்டு, திருப்பதிக்கு ஓடியது. தை பிறந்ததும் பந்திப்பூருக்கு அடுத்தாற்போல நாகரஹொளே என்று இன்னொரு காடு இருக்கிறதாமே என்று ரஞ்சிதம்தான் பேச்சை எடுத்தாள். குமரவேல் காப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய், அங்கே எந்த ஊரில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது என்று யாருக்கோ போன் போட்டு விசாரிக்க ஆரம்பித்தான்.