மூன்று ஸ்பூன் விளக்கெண்ணெய்

போன வியாழக்கிழமை எங்கள் ஹாஸ்டலில் ஒரு பெரிய விபத்து. மேட்ரன் அம்மாளின் விளக்கெண்ணெய் பாட்டில் காலியாகிவிட்டது!

சிரிக்காதீர்கள். எங்கள் பெண்கள் ஸ்கூலில் மனசு என்கிற உறுப்பு வயிற்றில்தான் இருக்கிறது. ஒரு பெண் அழுதாளா? ஒரு ஸ்பூன். கணக்கில் கோட்டைவிட்டாளா? ஒரு ஸ்பூன். அம்மா ஞாபகம் வந்து ஜன்னலோரம் நின்றாளா... ஒன்றரை ஸ்பூன்.

பாட்டிலின் கடைசி ஸ்பூன் எஸ்தருக்குப் போயிற்று. செகண்ட் ஃபாரம் படிக்கிற பெண். பேரணாம்பட்டில் அவள் அப்பாவுக்குத் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை. வந்த புதிதில் வாய் ஓயாமல் பேசியவள், இரண்டு வாரமாக ஊமை. சாப்பாடு பாதி தட்டோடு திரும்பும். ஆனால் குளியல் மட்டும் நாளைக்கு மூன்று தடவை!

"வயித்துல பூச்சி, டீச்சர். வேற இன்னா?" என்றார் மேட்ரன்.

மூன்று டோஸ் ஆயிற்று. ஹெட்மிஸ்ட்ரஸ் தலையில் கை வைத்து ஜெபம் செய்தார். வாட்ச்மேன் பாய் தர்காவிலிருந்து தாயத்து கொண்டுவந்தார். வயிற்றில் எண்ணெய், தலையில் ஜெபம், கையில் தாயத்து. எஸ்தர் மட்டும் வாயே திறக்கவில்லை.

"சனிக்கிழமை பஸ்ஸுல ஊருக்கு அனுப்பிடலாம்" என்று ஹெட்மிஸ்ட்ரஸ் தீர்மானித்தார். ஊருக்குப் போனால்? அங்கே ஏற்கெனவே மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் ஏது ஸ்கூல்?

யாராவது அவளைக் கேட்டார்களா? இல்லை. அந்தப் பெருமை எனக்கே இருக்கட்டும் என்று வெள்ளிக்கிழமை காலை கிணற்றடிக்குப் போனேன். தலை சொட்டச் சொட்ட நின்றிருந்தாள்.

"இன்னாத்துக்கும்மா இத்தன தடவ குளிக்கிற?" பத்து வருஷத்தில் இந்த ஊர் 'இன்னா' எனக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

"தோல் வாசனை போவ மாட்டேங்குதுங்க டீச்சர்."

"யாரு சொன்னது? பேரைச் சொல்லு, நான் பாத்துக்கறேன்!"

"யாரும் சொல்லலீங்க." தரையைப் பார்த்தாள். "நீங்க எங்க பெஞ்சாண்ட வந்தா கர்சீப் எடுப்பீங்க. அத்தப் பாத்து எல்லாரும் மூக்கப் பொத்திக்கிறாங்க..."

சாக்பீஸ் தூசி என்று ஒரு பொய் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன். நான் தஞ்சாவூர்க்காரி. வேலூரில் ரயில் இறங்கிய நாளிலிருந்து, தோல் ஷாப் பக்கமிருந்து காற்று திரும்பினால் என் கை தானாக லாவெண்டர் கர்சீப்பைத் தேடும். எதிலிருந்து எடுப்பேன் தெரியுமா? ஆம்பூரில் ஆசைஆசையாக வாங்கிய தோல் கைப்பையிலிருந்து! அந்தத் தோலை எஸ்தரின் அப்பாவே பதனிட்டிருந்தாலும் ஆச்சரியமில்லை.

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். எனக்கு என் மூக்கே தெரியவில்லை. வெட்கமாக இருந்தது... ரொம்ப.

"தப்பு என் மேலதாம்மா" என்றேன். அவள் வாய்விட்டு அழுதாள். இரண்டு வாரமாக அடக்கிவைத்த அழுகை.

நேரே ஹெட்மிஸ்ட்ரஸிடம் போய், "நோயாளி நான்தான். அனுப்புவதானால் என்னை அனுப்புங்கள்" என்று நடந்ததைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். டிக்கெட் வாங்க வேண்டாமென்று ஆள் அனுப்பினார்.

மத்தியானம் வகுப்பில் லாவெண்டர் கர்சீப்பை எடுத்தேன். உடனே நாலைந்து கைகள் மூக்குக்குப் போயின. கர்சீப்பால் கரும்பலகையை அழுத்தித் துடைத்தேன். "மூக்குப் பொத்தும் பழக்கத்தை உங்களுக்குக் கற்றுக்கொடுத்தவள் நான். அது தப்புப் பாடம். அழித்துவிட்டேன்" என்று சொல்லி, எஸ்தரின் பெஞ்சிலேயே உட்கார்ந்து பாடம் நடத்தினேன். கைகள் ஒவ்வொன்றாக இறங்கின.

சனிக்கிழமை பஸ் எஸ்தர் இல்லாமல் போயிற்று. அன்று அவள் இரண்டாம் தடவை சோறு கேட்டாள்.

காலுக்கு டிரில் மாஸ்டர் உண்டு, கைக்கு அம்மை குத்துகிறவர் உண்டு, கணக்குக்கு இன்ஸ்பெக்டர் உண்டு. 'இன்னாம்மா ஆச்சு?' என்று கேட்க ஒவ்வொரு ஸ்கூலிலும் ஓர் ஆளைப் போட்டால் என்ன? கேட்பது சுலபம். பதிலை நின்று கேட்பதுதான் பேஜார். அது நம்மைப் பற்றியதாகவும் இருந்துவிடும்!

மேட்ரன் அம்மாளுக்கு ஒரே சந்தோஷம். "பாத்தீங்களா டீச்சர், மூணாவது டோஸ்தான் வேலை செஞ்சுது!"

புது பாட்டில் வந்திருக்கிறது. நியாயமாகப் பார்த்தால், முதல் ஸ்பூன் எனக்குத்தான்.