கோளாம்பியை இறக்கிய ஞாயிற்றுக்கிழமை

ஆண்டவருக்குள் அன்பானவர்களே, எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. நாலாம் வகுப்போடு படிப்பும் நின்றது. ஆனாலும் ஆண்டவர் செய்ததைச் சொல்லாமல் வைத்திருக்க மனசு கேட்கவில்லை.

எமர்ஜென்சி முடிந்த மறு வருஷத்துக் கோடை. மட்டாஞ்சேரியில் ஒரு சந்துக்குள் குடியிருந்தோம். சுக்கு கோடவுனில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் மஞ்சள்காமாலையில் விழுந்தார். கண்ணெல்லாம் மஞ்சள். எழுந்து உட்காரக்கூட முடியவில்லை. நல்ல தண்ணீரைக் காய்ச்சிக் கொடு, அதுதான் முக்கியம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நல்ல தண்ணீருக்கு எங்கே போவேன்? எங்கள் கிணறு உப்பு. தெருப் பைப்பில் காற்றுதான் வரும். அந்தச் சந்தில் தண்ணீர் விழுகிற ஒரே பைப்பு கதீஜா இத்தாத்தா என்கிற முஸ்லிம் அக்கா வீட்டு முற்றத்தில் இருந்தது. அதுவரை குடத்தை வைத்துவிட்டு வந்தால் போதும், அவர்களே நிறைத்து வைப்பார்கள்.

அந்த நேரம் பார்த்து அந்த முற்றத்துக் கேட்டில் பூட்டு விழுந்தது.

காரணம் அதே சந்தில் இருந்த எங்கள் ஜெபவீடு. ஓட்டுக்கு மேலே புதிதாக ஒரு கோளாம்பி ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். அதன் வாய் நேராக இத்தாத்தா வீட்டு ஜன்னலைப் பார்த்து இருந்தது. ஜன்னலுக்கு உள்ளே, வாதம் வந்து பேச்சுப் போன அவர்கள் கணவர் படுத்திருந்தார். பிரசங்கம் தொடங்கினால் அவர் உடம்பு நடுங்கி அழுவாராம். இத்தாத்தா வந்து சொன்னதற்கு, நல்ல வார்த்தைதானே, காதில் விழட்டுமே என்று எங்கள் ஆண்கள் சிரித்து அனுப்பிவிட்டார்கள். பாஸ்டர் ஐயாவிடம் யாரும் சொல்லவே இல்லை.

குடத்தோடு போய் நின்றேன். இத்தாத்தா கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்தே சொன்னார்கள்: "உன்மேல கோபமில்ல மோளே. உங்க ஆளுங்க வாயைப் பூட்டட்டும், நான் கேட்டைத் திறக்கறேன்."

வீட்டில் காமாலை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. தலையைக் குனிந்துகொண்டு திரும்பிவிட்டேன். எங்கெங்கோ அலைந்து அரைக்குடம் கொண்டுவருவேன். வீட்டுக்காரருக்கோ நாளுக்கு நாள் மோசம். "ஆண்டவரே, அந்தப் பூட்டை மட்டும் திறந்துவிடும்" என்று அடுப்படியில் அழுதேன். வேறொன்றும் கேட்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் ஐயா பிரசங்கித்தார். உன்மேல் மனத்தாங்கலாய் இருக்கிறவனிடம் முதலில் போ, பிறகு வந்து ஜெபம் பண்ணு என்றார். எனக்குக் குத்தியது. அதையும் அந்தக் கோளாம்பி ஜன்னலைப் பார்த்துத்தானே கத்திக்கொண்டிருக்கிறது!

பிரசங்கம் முடிந்து சாட்சி நேரம். எங்கள் சபையில் பெண்கள் கைக்கு மைக் வருவது அப்போது மட்டும்தான். நான் ஒரு நாளும் எழுந்ததில்லை. அன்றைக்கு எப்படி எழுந்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. கால் நடுங்கியது.

"ஐயா, கோளாம்பி சீக்காளி ஜன்னலைப் பார்த்து இருக்கு. அவர் அழறார். அதனாலதான் இத்தாத்தா கேட்டைப் பூட்டினாங்க. என் வீட்டுக்காரர் காமாலையில கிடக்கார். குடிக்க நல்ல தண்ணி இல்ல."

சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்து அழுதேன். பாஸ்டர் ஐயா மைக்கை வாங்கி அணைத்தார். ஏணி எங்கே என்று கேட்டார்.

எல்லாரும் வெளியே வந்தோம். கேட் திறந்திருந்தது. சாவியும் கையுமாக இத்தாத்தா சந்திலேயே நின்றார்கள். நான் பேசினதை அந்தக் கோளாம்பியே அவர்கள் வீட்டுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது!

"காமாலைன்னு ஒரு வாக்கு சொல்லக் கூடாதா மோளே? குடம் எங்க?"

பாஸ்டர் ஐயா முதலில் அந்த வீட்டுக்குள் போய்ப் படுத்திருந்தவர் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். சிரித்து அனுப்பின ஆண்கள்தான் அன்றைக்கு ஏணி பிடித்தார்கள். இறக்கின கோளாம்பி பிறகு ஏறவே இல்லை. பாஸ்டர் ஐயா கதவைத் திறந்து வைத்துச் சாதாரணக் குரலில் பிரசங்கித்தார். கேட்க விரும்பினவர்கள் பக்கத்தில் வந்து கேட்டார்கள்.

ஓணத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரர் குணமாகி மூட்டை தூக்கப் போய்விட்டார். சில வருஷம் கழித்து இத்தாத்தா கணவர் மௌத்தானபோது, துக்கத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் எங்கள் சபைப் பெண்கள்தான் சாயா போட்டோம். அதே பைப்புத் தண்ணீரில்.

பூட்டைத் திறந்துவிடும் என்று கேட்டேன். ஆண்டவர் என் வாயைத் திறந்தார். ஸ்தோத்திரம்.

உங்களுக்கும் எங்கேயோ ஒரு கேட் பூட்டிக் கிடக்கலாம். ஜெபம் பண்ணுங்கள். பண்ணிவிட்டு எழுந்து நில்லுங்கள். கால் நடுங்கும். நடுங்கட்டும், அவர் பிடித்துக்கொள்வார்.